பட்டாவுக்கா, பாடுபட்டவர்க்கா?



2024 ஆம் ஆண்டு கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்கா லேபர் காம்பில் வந்தனை முடிந்து எல்லோரும் எழுந்து சென்ற பின்னரும் ஓர் அன்பர் மட்டும் பாயிலேயே அமர்ந்திருந்தார். அவர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையொன்றில் தொழில் செய்பவர். பஞ்சசீலத்தை ஏற்று நெடுங்காலம் ஆனவர், வீண்பேச்சு அறியாதவர். அவர் எம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: “ஐயா, சர்க்கார் என் கணக்கில் போட்ட பணம் என்னுடையதுதானா?”

கேட்டவுடன் எளிதாகத் தோன்றும் கேள்விதான் இது. அரசாங்கம் கொடுத்தது, வங்கி வரவு வைத்தது, கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. வேறு யாருடையதாக இருக்க முடியும்? ஆயினும் யாம் அன்று விடை கூறவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் எம் மனத்தில் ஓடியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். ஏனெனில் இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஊரில் ஒரு துண்டு நிலமும் பம்பாயில் ஒரு சிறு அறையுமாக வாழும் நம்மில் பலருக்கும் உரியது.

நடந்தது இதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. 2005 ஜூலை 26 ஆம் தேதி சாந்தாகுரூஸில் பதிவான 94 சென்டிமீட்டரை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்று கழுத்தளவு நீரில் நின்றவர்கள் நம்மிலும் உண்டு. அத்தகைய மழை தாமிரபரணிக் கரையில் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பாதையின் அடிமண் அரித்துச் செல்லப்பட, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டனர். நட்டுச் சில வாரங்களே ஆன பிசான நெல்லும், குலை தள்ளும் நிலையில் நின்ற வாழையும் நீரில் மூழ்கின.

நம் அன்பருக்குத் தாமிரபரணிப் பாசனத்தில் தந்தை விட்டுச் சென்ற ஒன்றரை ஏக்கர் நன்செய் உண்டு. பட்டாவில் 0.60 ஹெக்டேர். அவர் அதில் கால் வைத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. பயிரிடுபவர், கணவரை இழந்த அவருடைய மதினி முறை அம்மையார் ஒருவர். எழுத்து ஒன்றும் இல்லை, வாய்ச்சொல்தான். விதைக்கும் உழவுக்கும் அன்பர் மூன்றில் ஒரு பங்கு அனுப்புவார், மற்றச் செலவும் பாடும் அம்மையாருடையவை, விளைந்தால் பங்கு. அவ்வாண்டு விளையவில்லை. சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. சில மாதங்கள் சென்றபின் 10,200 ரூபாய் வந்தது. வந்தது தாராவிக்கு, வயலுக்கு அன்று. அம்மையாருக்கு அச்செய்தியே தெரியாது.

நிற்க. முதற்கண் இப்பணம் யாது என்பதை அறிய வேண்டும். இது வெள்ளம் கொண்டுபோன நெல்லின் விலையன்று. ஒரு ஹெக்டேர் விளைச்சலின் விலையோடு ஒப்பிட்டால் 17,000 ரூபாய் சிறு பகுதியே. இது வறியவர்க்கு இடும் பிச்சையும் அன்று. பயிர் அழிந்ததா என்பதே இங்குக் கேள்வி. மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண நெறிகளில் இதற்கு இட்டிருக்கும் பெயர் ‘இடுபொருள் மானியம்’. முன்னர்ப் பயிரில் பாதி அழிந்தால்தான் இதனைப் பெற இயலும். 2015 ஆம் ஆண்டில் அவ்வளவு 100-க்கு 33 என்று குறைக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் தொகையும் உயர்த்தப்பட்டது: பாசனப் பயிருக்கு 13,500 என்றிருந்தது 17,000 ஆயிற்று, மானாவாரிக்கு 6,800 என்றிருந்தது 8,500 ஆயிற்று, பல்லாண்டுப் பயிருக்கு 18,000 என்றிருந்தது 22,500 ஆயிற்று. ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரையில்தான்.

இடுபொருள் என்றால் என்ன? நிலத்தில் இட்டது, விதை, உரம், உழவு. ‘நீ இட்டது நீரில் போயிற்று, மீண்டும் இடுவதற்கு இதனைக் கொள்’ என்பதே இம்மானியத்தின் பொருள். ஆகவே நம் அன்பரின் கேள்விக்குரிய விடையில் பாதி அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. யார் இட்டாரோ அவருடையது.

“நிலம் எனது, தீர்வை கட்டுபவன் யான், நிலமும் அன்றோ கெட்டது?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அதே நெறிகள் நிலத்தின் கேட்டினைத் தனியே வைத்திருக்கின்றன. வயலை மூடிய வண்டலையும் மணலையும் அகற்றச் சிறு குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்றும், நிலமே அடித்துச் செல்லப்பட்டால் 47,000 ரூபாய் என்றும் 2022 ஆம் ஆண்டின் நெறிகள் கூறின. நிலத்தின் புண்ணுக்கு ஒரு மருந்து, பயிரின் அழிவுக்கு வேறொரு மருந்து என அரசாங்கமே பிரித்து வைத்திருக்கும்போது, பின்னதை முன்னதாகக் கொள்வது முறையாகாது.

அங்ஙனமாயின் பணம் ஏன் வயலைவிட்டுப் பட்டாவைத் தேடிச் செல்கிறது? இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. தாமஸ் மன்றோ காலத்தில் வேரூன்றிய ரயத்துவாரி முறை, ஒவ்வொரு வயலுக்கும் வரி கட்டுபவர் ஒருவரைத் தேடியது. தேடிக் கண்டு எழுதிய பெயரே பட்டாதாரர் பெயர். அவ்வேடு வசூலிப்பதற்காக எழுதப்பட்டது. பிற்காலத்தில் வழங்குவதற்கும் அதுவே ஏடாயிற்று. 1876 முதல் 1878 வரை நம் முன்னோரை வாரிக்கொண்ட தாது வருஷப் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். வரியை வஜா செய்தால் அது வரி கட்டுபவருக்கே வஜா. வரி கட்டாதவர்க்குக் கஞ்சித்தொட்டியும் பஞ்ச வேலைக் கூலியுமே கதி. அக்கூலியின் தானிய அளவையும் 1877 இல் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு என்று குறைத்தார். மதராஸ் மாகாணத்துச் சுகாதார அதிகாரியான கார்னிஷ் அதனை எதிர்த்து எழுத வேண்டியதாயிற்று. மண்ணை உடையவரை ஏடு அறியும். மண்ணில் உழைப்பவரை அறியாது.

இன்றைய கிராம நிர்வாக அலுவலரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பயிரை இட்டவர் பெயரை எழுதுவதற்கு அடங்கல் என்றொரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. குத்தகைதாரரைக் காக்க 1955 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969 ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டங்களுக்கு அஞ்சியே நிலமுடையவர் எழுத்துக் கொடுப்பதில்லை. ‘எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும்’ என்ற அச்சம் வாய்மொழிக் குத்தகையை வளர்த்தது. வாய்மொழியை எந்த அலுவலரும் பதிவேட்டில் காண முடியாது. வெள்ளம் வந்தபின் கையெழுத்து வேண்டி நிலமுடையவர் வாசலில் குத்தகைதாரர் நிற்க வேண்டியிருக்கிறது.

இனி, நாம் ஏற்ற இரண்டாம் சீலத்துக்கு வருவோம். கொடுக்கப்படாததை எடுத்தலினின்றும் விலகுகிறேன் என்பது அச்சீலம். ‘இப்பணத்தை நான் எடுக்கவில்லையே, அவர்களே கொடுத்தார்களே’ என்று மனம் வாதாடும். இவ்வாதத்தைச் சற்று ஆராய்வோம்.

நம் இளமையில் தாராவியிலிருந்து ஊருக்கு மணியார்டர் அனுப்புவது வழக்கம். ஒரே பெயருடையோர் இருவர் ஒரு தெருவில் இருப்பர். தபால்காரர் ஒருவருடைய பணத்தை மற்றவர் வீட்டில் தவறிக் கொடுத்துவிடுவார். பெற்றவர் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, கையை நீட்டினார், பணம் வந்தது. ஆயினும் அப்பணம் அவருக்குக் கொடுக்கப்பட்டதாகுமா? ஆகாது. அது அவர் கையில் கொடுக்கப்பட்டது, அவருக்கென்று கொடுக்கப்படவில்லை. அனுப்பியவர் எண்ணத்தில் யார் இருந்தாரோ அவருக்கே அது கொடுக்கப்பட்டது. தவறுதலை அறியாதிருக்கும் வரையில் பெற்றவர்மீது குற்றமில்லை. அறிந்த அந்த நொடி முதல், வைத்திருத்தலே எடுத்தலாகிறது. இடுபொருள் மானியத்தை அனுப்பியவர் எண்ணத்தில் இருந்தவர் பயிரிட்டவர். ஏடு என்னும் தபால்காரர் வீடு தவறிக் கொடுத்துவிட்டார். அவ்வளவே.

தீக நிகாயத்தில் கூடதந்த சூத்திரம் என்றொரு சூத்திரம் உண்டு. எருதுகளையும் ஆடுகளையும் நூற்றுக்கணக்கில் பலியிட்டு வேள்வி செய்ய முனைந்த கூடதந்தன் என்னும் பார்ப்பனருக்குப் பகவன் புத்தர் ஒரு பழைய அரசன் கதையைக் கூறினார். மகாவிஜிதன் என்னும் அவ்வரசனும் பெருவேள்வி செய்ய விரும்பினான். அவன் நாட்டில் கொள்ளை மிகுந்திருந்தது. அமைச்சராய் இருந்த புரோகிதர் கூறிய அறிவுரையின் கருத்து இது: கொலையாலும் சிறையாலும் கொள்ளை ஒழியாது, உழவிலும் கால்நடையிலும் முயல்வோர்க்கு விதையும் தீவனமும் கொடு, வாணிகம் செய்வோர்க்கு முதல் கொடு, பணி செய்வோர்க்கு உணவும் ஊதியமும் கொடு, அவரவர் தம் தொழிலில் ஈடுபடுவர், நாடு அமைதியுறும்.

ஈண்டு ஒரு சொல்லை ஊன்றி நோக்குக. நிலம் உடையோர்க்கு விதை கொடு என்று அவர் கூறவில்லை. உழவில் முயல்வோர்க்குக் கொடு என்றார். விதை விதைப்பவன் கைக்குப் போனால்தான் அடுத்த போகம் உண்டு. தாராவியில் நம் அன்பர் கையிலிருக்கும் 10,200 ரூபாய் பிள்ளையின் கல்விக் கட்டணமாகும், அறையின் வாடகையாகும், ஒரு நாளும் நாற்றாகாது. கொடுத்ததன் பயனே அங்குக் கெட்டுப்போகிறது.

சக்கவத்தி சீகநாத சூத்திரமோ இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. வறியவர்க்குப் பொருள் வழங்காத அரசன் நாட்டில் வறுமை பெருகியது. வறுமையால் திருட்டு பிறந்தது. பிடிபட்ட திருடனுக்கு அரசன் இரங்கிப் பொருள் கொடுத்தான். அதைக் கேள்வியுற்ற மற்றவரும், திருடினால் பொருள் கிடைக்கும் என்று திருடப் புகுந்தனர். கொடாமையும் கேடு, இடம் அறியாமல் கொடுத்தலும் கேடு. விதைக்காத நிலத்துக்கும் மானியம் வாங்கியவரைக் கண்டு, அடுத்த வெள்ளத்தில் மற்றொருவரும் விண்ணப்பம் எழுதுவார். மெய்யாக இழந்தவரையும் அலுவலர் ஐயுறுவார். அதன் சுமை முடிவில் ஏழைக் குத்தகைதாரர் தலையிலேயே விழும்.

“யானும் ஏழைதானே?” என்றார் நம் அன்பர். அது மெய். அவர் அறையின் அகலத்தை யாம் அறிவோம். ஆனால் வறுமை ஒன்றை வேண்டுவதற்கு உரிமை தரும். மற்றொரு வறியவருடையதை வைத்துக்கொள்ள உரிமை தராது. இவ்வுண்மையை யாம் நூலில் கற்கவில்லை, ஆலையில் கற்றோம்.

இளமையில் யாம் இந்நகரத்துப் பஞ்சாலை ஒன்றில் பதிலித் தொழிலாளியாக இருந்தோம், ‘பத்லி’ என்பர். விடியற்காலையில் வாயிலில் நிற்போம். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வராவிட்டால் அவர் தறியில் எம்மை நிறுத்துவர். பல ஆண்டுகள் இப்படியே சென்றன. ஆலை மூடப்பட்டபோது இழப்பீட்டுப் பட்டியல் நிரந்தரத் தொழிலாளர் பதிவேட்டிலிருந்து எழுதப்பட்டது. அப்பதிவேட்டில் எம் பெயர் இல்லை. கொங்கணத்து முதியவர் ஒருவர் நோயுற்றுக் கிடந்த மாதங்களில் அவர் தறியை யாமே ஓட்டி வந்தோம். அவர் தம் தொகை கிடைத்த மறுநாள் எம் அறையைத் தேடி வந்து, அம்மாதங்களைக் கணக்கிட்டு ஒரு பங்கினை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அவருக்குச் சட்டம் அதை விதிக்கவில்லை. அவர் எச்சமயத்துப் போதகரையும் கேட்கவில்லை. பட்டாவுக்கும் பாட்டிற்கும் உள்ள வேற்றுமையை அன்று அவர் எமக்குக் கற்பித்தார். நம் அன்பரின் கேள்வியைக் கேட்டபோது எம் நினைவில் வந்து நின்றவர் அவரே.

இன்னுமொரு படி கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். பட்டாதாரருக்குக் கீழே குத்தகைதாரர். அவருக்கும் கீழே கூலியாள். நாற்று நடுபவர், களை எடுப்பவர், கதிர் அறுப்பவர். 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிடுவோர் ஏறக்குறைய 42 லட்சம். வேளாண் கூலிகளோ ஏறக்குறைய 96 லட்சம். வயல் மூழ்கினால் இவர்களுக்குக் களையெடுப்புக் கூலியும் அறுவடைக் கூலியும் சேர்ந்தே மூழ்குகின்றன. இடுபொருள் மானியத்தில் இவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 2018 நவம்பர் 16 ஆம் தேதி கஜா புயல் வேதாரணியப் பகுதியில் கரை ஏறித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. வெட்டி அகற்றும் செலவு உட்பட மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. புதிய கன்று காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். அதுவரையில் மரம் ஏறுபவரும், மட்டை உரிப்பவரும், கீற்று முடையும் பெண்டிரும் என்ன செய்வர்? மரத்துக்கு ஈடு உண்டு. மரத்தால் பிழைத்தவர்க்கு இல்லை.

அரசாங்கத்தால் முடியாது என்று சொல்ல இயலாது. அதே 2023 ஆம் ஆண்டு வெள்ளத்தில், கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் வழங்கப்பட்டது. அதற்குப் பட்டா கேட்கவில்லை; குடும்ப அட்டையே போதுமானதாயிற்று. ஆகவே மண்ணை நோக்காமல் மனிதரை நோக்கிக் கொடுக்கும் வழி அரசாங்கத்துக்குத் தெரியும். பயிர் இழப்பிலும் அவ்வழியைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஆனால் கோரிக்கையை எழுதி அனுப்பிவிட்டு நாம் கையைக் கழுவிவிடலாகாது. நிலவுடைமைச் சாதியார் நம் முன்னோரின் பாட்டை உண்டு கொழுத்தனர் என்று மேடைதோறும் பேசுகிறோம், அது உண்மையே. நமக்கென்று ஒன்றரை ஏக்கர் பட்டா வந்தவுடன் அதே வேலையை நாமும் செய்தால், நாம் வெறுத்தது கொடுமையையா, அக்கொடுமையைச் செய்யும் வாய்ப்பு நமக்கு இல்லாமையையா? பாபாசாகிப் அம்பேத்கர் 1947 ஆம் ஆண்டில் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்னும் விண்ணப்பத்தில், நிலம் அரசுடைமையாகிக் கிராமத்தாருக்குச் சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணையாக விடப்பட வேண்டும் என்றார். நிலக்கிழார், குத்தகையாள், கூலியாள் என்ற மூன்று படிகளுமே இருத்தலாகாது என்பது அவர் கருத்து. அக்கருத்து நாட்டில் நிறைவேறவில்லை. நம் உள்ளத்திலேனும் அது நிறைவேறத் தடை யாது?

மறு ஞாயிறன்று யாம் அன்பருக்குக் கூறிய விடை இது. “தாங்கள் இட்டது மூன்றில் ஒரு பங்கு, ஆகவே 3,400 ரூபாய் தங்களுடையது, அதனை அஞ்சாமல் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய 6,800 ரூபாய் தங்களிடம் தவறி வந்தது, உரியவரிடம் சேர்ப்பியுங்கள். அடுத்த பிசானத்துக்கு முன் குத்தகையை எழுத்தில் வையுங்கள். அடங்கலில் அவர் பெயர் வரச் செய்யுங்கள்.” முழுவதையும் துறக்கும்படி யாம் சொல்லவில்லை. தன் பங்கைத் தன்னதென்றும் பிறர் பங்கைப் பிறரதென்றும் அறிவதே நடுவழி.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “மதினிக்கு இந்தப் பணம் வந்ததே தெரியாது, ஐயா” என்றார். அவ்வொரு சொல்லில்தான் சோதனை முழுவதும் இருந்தது. ஒருவரும் அறியார், ஒருவரும் கேளார். உலகைக் காப்பவை இரண்டு என்று பகவன் உரைத்தார்: தீமை செய்ய நாணுதலாகிய ஹிரி, அதன் விளைவுக்கு அஞ்சுதலாகிய ஒத்தப்பம். பிறர் காணும் இடத்தில் இவ்விரண்டும் இருப்பது எளிது. ஒருவரும் காணாத இடத்திலும் இருந்தால்தான் அவை காவலாகும்.

பணத்தில் பெரும்பகுதி கல்விக் கட்டணத்துக்குச் சென்றுவிட்டிருந்தது. எனவே இரண்டு தவணைகளாக அனுப்பினார். முதல் தவணை சேர்ந்த அன்று மதினி தொலைபேசியில் அழைத்து, “இது எதற்கான பணம், தம்பி?” என்று கேட்டாராம். இவர் விளக்கினாராம். அம்மையார் சற்று நேரம் கழித்து, “நடவு நட்ட இரண்டு பேருக்குக் கூலி பாக்கி நிற்கிறது, முதலில் அதைக் கொடுத்துவிடுகிறேன்” என்றாராம்.

யாம் அவருக்கு அனுப்பிய செய்தியில் கூலியாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரே அறிந்திருந்தார். மேலிருந்து ஒருவர் தமக்கு உரியதல்லாததை விடுவித்தவுடன், அது தானே இறங்கிச் சேர வேண்டிய கைகளைச் சென்று சேர்ந்தது. வெள்ளம் இனியும் வரும்; வறட்சியும் வரும்; அரசாங்கத்தின் பணமும் ஏட்டின்படி வரும். ஏடு திருந்தும் வரையில், தவறி வந்த பணத்தை உரிய வாசலில் சேர்க்கும் பணி நம்முடையதாக இருக்கட்டும்.